குடும்பம் வேறு, குடித்தனம் வேறு: ஒரு வீட்டில் எத்தனை உலை?

ஒரு காம்பவுண்டு. உள்ளே ஒரு மாடி வீடு. கீழே அப்பா, அம்மா, மணமாகாத மகள். அவர்களோடு இளைய மருமகளும் அவள் கைக்குழந்தையும். அவள் கணவன் துபாயில் வேலை பார்க்கிறான். மாடியில் மூத்த மகன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். அங்கே தனிச் சமையல். பின்கட்டில் அப்பாவைப் பெற்ற பாட்டி. தனக்கு மட்டும் கஞ்சி வைத்துக்கொள்ள ஒற்றை அடுப்பு வைத்திருக்கிறார். மாடி முன்னறையில் வாடகைக்கு இரண்டு இளைஞர்கள். சாப்பாடு வெளியே மெஸ்ஸில்.

இந்த வீட்டில் எத்தனை குடும்பம்?

அப்பாவைக் கேட்டால், "ஒரே குடும்பம்தாங்க" என்பார். துபாய் மகனையும் சேர்த்துப் பதினொரு பேர் என்று விரல் விடுவார். வாடகைக்காரர்கள் அவர் கணக்கில் வரமாட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலர் இதே வீட்டில் ஐந்து என்று எழுதுவார்: கீழ்த்தளம், மாடி, பாட்டி, பிறகு அந்த இளைஞர்கள் ஆளுக்கொன்று. மொத்தம் 12 பேர், ஐந்து அலகுகள், சராசரி 2.4. துபாய் மகன் இந்தக் கணக்கில் இல்லை. அப்பா சொன்னதும் சரி, அலுவலர் எழுதியதும் சரி. இருவரும் எண்ணியது ஒரே பொருளை அல்ல.

சமூகவியலில் குடும்பத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர் முதலில் பிடிக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். குடும்பம் என்பது உறவு: பிறப்பு, மணம், சொத்து, சடங்கு ஆகியவற்றால் கட்டியது. கடல் தாண்டிப் போனாலும் அது அறுவதில்லை. இன்னொன்று, ஒன்றாக வசித்து ஒரே சமையலில் சாப்பிடும் கூட்டம். இதற்குத் தமிழில் நல்ல சொல் ஒன்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. "மாடியில ரெண்டு குடித்தனம் இருக்கு" என்கிறாரே வீட்டுக்காரர், அந்தக் குடித்தனம்தான். அரசுப் படிவங்கள் இரண்டுக்கும் குடும்பம் என்றே அச்சடிக்கின்றன. குழப்பத்தில் பாதி அங்கிருந்து வருகிறது.

உலைதான் அளவுகோல்

இந்தியக் கணக்கெடுப்பின் வரையறை சுருக்கமானது. வழக்கமாக ஒன்றாக வசித்து, பொதுச் சமையலறையில் உண்பவர்கள் ஒரு குடித்தனம். வேலை நிமித்தம் ஒருவர் வெளியே சாப்பிட நேர்ந்தால் அதனால் அவர் விலகியவராகிவிட மாட்டார். உறவு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டோடு தங்கி அங்கேயே சாப்பிடும் வேலையாள் உள்ளே வருவார். அதே கூரையின் கீழ் தனியே பொங்கிச் சாப்பிடும் பாட்டி வெளியே போவார். நான்கு நண்பர்கள் ஒரு அறை எடுத்துச் சேர்ந்து சமைத்தால் ஒரு குடித்தனம். அதே நால்வர் ஆளுக்கொரு கடையில் சாப்பிட்டால் நான்கு.

விடுதி, சிறை, ஆசிரமம் போன்ற இடங்களில் உறவில்லாதவர்கள் பொதுச் சமையலில் உண்கிறார்கள். அவற்றை நிறுவனக் குடித்தனம் என்று தனியே பிரிப்பார்கள். வீடற்றவர்களுக்கு இன்னொரு வகை. 2011 கணக்கெடுப்பில் அவர்களை பிப்ரவரி 28 இரவில் எண்ணினார்கள்.

இந்த அளவுகோல் அலுவலகத்துக்கு அலுவலகம் சற்றே மாறும். சமையல் எரிவாயு இணைப்புக்கான மத்திய ஆணையின்படி கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் ஒரு வீட்டில் பொதுச் சமையலறையோடு வாழ்ந்தால் ஒரு குடித்தனம். இங்கே உலையோடு உறவும் சேர்ந்துவிட்டது. ரேஷன் கார்டைப் பிரிக்கப் போனால் தனிச் சமையல் உண்டா என்று பார்ப்பார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்ணுக்குத்தான். நம் காம்பவுண்டில் எல்லாரும் ஒரே அட்டையில் இருந்தால் பாட்டி, மாமியார், இரண்டு மருமகள்கள் என நால்வரில் ஒருவருக்கே அந்த மாதத் தொகை (தொடங்கியபோது 1000 ரூபாய்) வரும். உலை பிரிந்ததற்கும் அட்டை பிரிந்ததற்கும் இடையே பல வருடம் போயிருக்கலாம். சில வீடுகளில் அட்டை முதலில் பிரியும். உலை பிரியவே பிரியாது.

வருமான வரிச் சட்டத்தின் இந்துக் கூட்டுக்குடும்பம் முற்றிலும் வேறு வகை. அதற்கு உலையே தேவையில்லை. அண்ணன் தம்பிகள் வெவ்வேறு ஊரில் சமைத்துச் சாப்பிட்டாலும் பாகப்பிரிவினை ஆகாதவரை சொத்தளவில் அது ஒரே அலகு. தனிச் சமையல் மட்டுமே பாகம் பிரிந்ததற்குச் சான்றாகாது என்பது நீதிமன்றங்களில் நிலைபெற்ற கருத்து. யார் பங்குதாரர் என்பதும் மாறியிருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989இல் மாநிலத் திருத்தம் கொண்டுவந்து, அதுவரை மணமாகாதிருந்த மகள்களுக்குப் பிறப்பால் பங்குரிமை தந்தது. 2005இல் மத்தியத் திருத்தம் மணமான மகளையும் உள்ளே கொண்டுவந்தது. ஆக, நாற்பது வருடத்துக்கு முன் வேறு வீட்டுக்கு வாழப்போன மகள் சட்டப்படி இந்தக் குடும்பத்தில் பங்குதாரர்; குடித்தனத்தில் விருந்தாளி.

ஒரே கூரை, பல உலை

கூட்டுக்குடும்பம் என்றதும் ஐம்பது பேருக்கு ஒரே அண்டாவில் சோறு வடிக்கும் காட்சி நம் மனத்தில் வரும். அந்தக் காட்சிக்கு ஏற்றதுபோலத் தோன்றும் செட்டிநாட்டு வீட்டையே எடுத்துக்கொள்வோம். முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். மகன்களுக்கு ஆளுக்கொன்று. நகரத்தாரிடம் மகனுக்குக் கல்யாணமானதும் "வேறு வைப்பது" என்றொரு வழக்கம் உண்டு. புது மணமக்களுக்குத் தனி அறை, தனிச் சமையல், ஆண்டுச் செலவுக்கென்று ஒதுக்கீடு. கூரை ஒன்று, முற்றம் ஒன்று, விசேஷங்கள் ஒன்று. உலை மட்டும் வேறு. மனஸ்தாபத்தால் பிரிந்தவர்கள் அல்லர். தொடக்கத்திலேயே கணக்கைப் பிரித்துவிட்டால் மனஸ்தாபத்துக்கு இடம் குறையும் என்ற வணிகர் புத்தி அது. அவர்கள் கோவில் கணக்கிலும் மணமான தம்பதிதான் அலகு. அதற்குப் புள்ளி என்று பெயர். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கணக்கெடுப்பு அலுவலர் இத்தகைய பெரிய வீட்டுக்குப் போனால் பல சிறு குடித்தனங்களை எழுதிக்கொண்டுதான் வெளியே வருவார்.

இலங்கையின் மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பக்கம் விஷயம் தலைகீழ். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும்; மருமகன் அங்கே குடிவருவார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் இளைய பிள்ளைகளோடு பக்கத்திலேயே இன்னொரு வீடு கட்டிப் போவதுண்டு. அடுத்த மகளுக்கு அந்த வீடு. வரைபடத்தில் பார்த்தால் தனித்தனிச் சிறு குடித்தனங்கள். உள்ளே போனால் சகோதரிகளும் தாயும் அடுத்தடுத்த வாசல்களில் இருப்பார்கள்.

இன்னும் தூரம் போனால், கானாவின் அஷாந்தி மக்களிடையே மணமான பிறகும் கணவனும் மனைவியும் அவரவர் தாய்வழி வீட்டிலேயே வசிப்பது சாதாரணம். மானிடவியலாளர் மேயர் ஃபோர்ட்டிஸ் எழுதிய காட்சி ஒன்று இத்துறையில் பிரபலம்: மாலையானதும் பிள்ளைகள் அம்மா சமைத்த சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் வீட்டுக்குப் போகிறார்கள். உறங்கும் கூரையும் உண்ணும் உலையும் வேறுவேறு. நம் கணக்கெடுப்பு வரையறையை அங்கே கொண்டுபோனால் அந்தத் தெருவிலேயே திணறிவிடும்.

ஒரு வீடு, பல வயது

"அந்தக் காலத்தில் எல்லாம் கூட்டுக்குடும்பம், இப்போது எல்லாம் தனிக்குடித்தனம்" என்ற பேச்சைச் சோதிக்க எளிய கணக்கு ஒன்று போதும்.

ஒருவருக்கு 27 வயதில் மகன் பிறக்கிறான். மகனும் 27 வயதில் மணம் முடிக்கிறான், உடனே அவனுக்கும் ஒரு மகன். அப்பாவுக்கு அப்போது 54. அவர் 74 வரை இருக்கிறார் என்று வைத்தால், 20 வருடம் இரண்டு தம்பதிகள் ஒரே உலை. அவர் போனதும் மகன் தன் மனைவி பிள்ளைகளோடு இருப்பது 7 வருடம். அதற்குள் பேரனுக்குக் கல்யாணம், மறுபடியும் கூட்டு. அதாவது 27 வருடச் சுற்றில் 20 கூட்டு, 7 தனி.

இப்போது அப்பா 56இலேயே இறந்துவிடுவதாகக் கணக்கை மாற்றுங்கள். கூட்டாக இருப்பது 2 வருடம், தனியே 25. வழக்கம் மாறவில்லை, மனசும் மாறவில்லை. ஆயுள் மட்டும் குறைந்தது. இரண்டு மகன்கள் இருந்து, இளையவன் மணமாகி இரண்டு வருடத்தில் வெளியேறினால், அவன் வீடு அவனுக்கு 29 வயதிலிருந்து 54 வரை தனிக்குடித்தனம். பிறகு அவன் மகனுக்கு மணமாகும்போது அதுவும் கூட்டாகும். ஒரு குறிப்பிட்ட நாளில் ஊரை எண்ணினால் இந்த எல்லா நிலைகளும் கலந்து கிடக்கும். எண்ணுகிறவர் கண்ணில் படுவது பல வகைக் குடும்பங்கள். உண்மையில் அது ஒரே வகைக் குடும்பத்தின் பல வயதுகள். இதைக் குடித்தனச் சுழற்சி என்பார்கள். 1958இல் மானிடவியலாளர் ஜாக் கூடி தொகுத்து வெளியிட்ட கட்டுரைகளுக்குப் பிறகு இந்தப் பார்வை பரவலானது.

ஆயுள் குட்டையாக இருந்த காலத்தில் மூன்று தலைமுறை சேர்ந்து நெடுநாள் வாழ வாய்ப்பே குறைவு. ஆயுள் நீண்டபின் வாய்ப்பு கூடியது. "சிதைந்துவிட்டது" என்று சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. மேற்கிலும் இந்தக் கதைதான். வரலாற்றாய்வாளர் பீட்டர் லாஸ்லட் குழுவினர் 1574 முதல் 1821 வரையிலான 100 ஆங்கிலேய ஊர்களின் பட்டியல்களைப் பார்த்தபோது ஒரு வீட்டுக்குச் சராசரி 4.75 பேர்தான் கிடைத்தார்கள். அதிலும் வேலையாட்கள் உண்டு. தொழிற்புரட்சிதான் பெரிய குடும்பத்தை உடைத்தது என்ற நெடுநாள் நம்பிக்கைக்கு அங்கே பெரிய அடி.

அடுத்த பொறி, அளவை வைத்து வகையைச் சொல்வது. 2011இல் தமிழ்நாட்டில் 7.21 கோடி மக்கள், ஏறத்தாழ 1.85 கோடி குடித்தனங்கள். வகுத்தால் 3.9. அகில இந்தியாவுக்கு இது 4.9. உடனே "தமிழர்கள் பெற்றோரைத் தனியே விட்டுவிட்டார்கள்" என்று தலையங்கம் எழுதத் தோன்றும். பொறுங்கள். ஐந்து பிள்ளைகள் உள்ள தனிக்குடித்தனத்தில் ஏழு பேர். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், ஒரு பேத்தி சேர்ந்த மூன்று தலைமுறைக் கூட்டுக்குடித்தனத்தில் ஐந்தே பேர். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 1.8 என்றது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. சராசரி சுருங்கியதில் பெரும்பங்கு பிள்ளை எண்ணிக்கைக்கு. அளவு குறைந்தது என்று மட்டுமே சொல்லலாம். வகை மாறியதா என்று பார்க்க உறவைத் தனியே எழுத வேண்டும்.

வகை பிரிப்பது

மானிடவியலாளர் பாலின் கொலெண்டா 1968இல் இந்திய ஆய்வுகளை ஒப்பிட 12 வகைகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தந்தார். தொடங்குகிறவருக்குப் பன்னிரண்டும் வேண்டாம். ஒரே கேள்வி போதும்: இந்த உலையில் மணமான தம்பதி எத்தனை?

ஒரு தம்பதி, மணமாகாத பிள்ளைகள்: தனி. அதோடு விதவைத் தாயோ மணமாகாத தம்பியோ இருந்தால்: ஒட்டுறவுள்ள தனி. தம்பதியே இல்லாமல் கைம்பெண்ணும் பிள்ளைகளும் மட்டுமென்றால்: குறைக்குடித்தனம். இரண்டு தம்பதிகள் அப்பா, மகன் என்றால் நேர்வழிக் கூட்டு. அண்ணன், தம்பி என்றால் பக்கவழிக் கூட்டு. இரண்டும் சேர்ந்தால் முழுக் கூட்டு. ஒற்றை ஆள் தனி வகை.

நம் காம்பவுண்டின் கீழ்த்தளத்தைப் பாருங்கள். துபாய் மகன் அங்கில்லாததால் அங்கே ஒரே தம்பதி; அது ஒட்டுறவுள்ள தனி. அவன் ஊருக்குத் திரும்பி வந்து தங்கினால் மறுநாளே நேர்வழிக் கூட்டு. வகைகளைப் பார்த்துப் பெரிய முடிவுக்குப் போகும்முன் இதை நினைவில் வைப்பது நல்லது.

கொலெண்டாவின் ஒப்பீட்டில் தென்னிந்தியாவில் கூட்டுக்குடித்தனம் கங்கைச் சமவெளியைவிடக் குறைவாக இருந்தது. அவர் காரணமாகக் காட்டியது மனைவியின் பேரம்பேசும் வலு. அவளுக்குப் பிறந்தவீட்டின் பக்கபலம் இருக்கும் இடங்களில் உலை சீக்கிரம் பிரிகிறது. மாமன் மகளை மணப்பதும் பக்கத்து ஊரில் பெண் எடுப்பதும் உள்ள நாட்டில் தாய்வீடு ஒரு பஸ் தூரம்தானே.

ஒரு தெருவை எண்ணுவது எப்படி

ஐம்பது வாசல் உள்ள தெரு ஒன்று போதும். முதலில் வாசல்களை வரைந்துகொள்ளுங்கள்; பிறகு ஒவ்வொன்றுக்குள்ளும் உலைகளைத் தேடுங்கள். "எத்தனை குடும்பம்?" என்று கேட்கவே கூடாது. "எத்தனை அடுப்பு?" என்றாலும் தவறும், எரிவாயு அடுப்பும் கரண்ட் அடுப்பும் பின்புறத்து விறகு அடுப்பும் ஒரே சமையலுக்கு இருக்கலாம். "வழக்கமா யார் யாருக்குச் சேர்த்து உலை வைக்கிறீங்க?" என்று சமைப்பவரிடம் கேளுங்கள். வாசலில் நாற்காலி போட்டிருக்கும் பெரியவரிடம் கேட்டால் குடும்பம்தான் கிடைக்கும்.

அடுத்து ஆட்கள். வழக்கமான படிவம் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று மட்டும் கேட்கும். அதனால் மகன், மகன், மருமகள், மருமகள், பேரன், பேரன், பேத்தி என்று வரிசையாக எழுதியிருக்கும். எந்தப் பேரன் எந்த மகனுடையவன் என்று பிறகு தெரியாது. இதற்கு மருந்து மூன்று கட்டங்கள்: ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே துணையின் வரிசை எண், தந்தையின் எண், தாயின் எண். அந்த ஆள் இங்கில்லை என்றால் 0. இந்த மூன்றும் இருந்தால் எந்த வகையையும் பின்னால் உருவாக்கிக்கொள்ளலாம்.

தமிழ் உறவுச் சொற்களில் கவனம் வேண்டும். "அண்ணன்" கூடப்பிறந்தவராகவும் இருக்கலாம், பெரியப்பா மகனாகவும் இருக்கலாம், பெரியம்மா மகனாகவும் இருக்கலாம். "மாமா" தாயின் சகோதரர், அத்தையின் கணவர், மாமனார். பல வீடுகளில் அக்காவின் கணவரும் மாமாதான். "சித்தி" அம்மாவின் தங்கை, சித்தப்பாவின் மனைவி, சமயத்தில் மாற்றாந்தாய். "மருமகன்" மகளின் கணவன் அல்லது ஓர் ஆணுக்கு அவன் சகோதரியின் மகன். மாமன் மகளைக் கட்டியிருந்தால் இரண்டும் ஒரே ஆள். இந்தச் சொற்கள் குறைபாடு உள்ளவை அல்ல; யாரை மணக்கலாம், யாரை மணக்கக் கூடாது என்று பிரிப்பதற்காக அமைந்தவை. பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துமோன் 1953இல் இதைத்தான் விளக்கினார். நம் வேலைக்கு மட்டும் அவை போதாது. "கூடப்பிறந்த அண்ணனா?", "மகன் வயிற்றுப் பேரனா, மகள் வயிற்றுப் பேரனா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டு எழுத வேண்டும்.

வெளியே இருப்பவர்களுக்கு முன்கூட்டியே ஒரு விதி வகுத்துக்கொள்ளுங்கள்: கடந்த 12 மாதத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ இந்த உலையில் சாப்பிட்டவர் உள்ளே, மற்றவர் வெளியே. வெளியே இருப்பவருக்குத் தனித் தாள் வைத்து, பணம் அனுப்புகிறாரா, எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை, வீட்டு முடிவுகளில் அவரைக் கேட்கிறார்களா என்று எழுதுங்கள். குடித்தனத்தில் விழாத குடும்பம் இந்தத் தாளில்தான் இருக்கும். அதை இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் கடைசியாக நடந்த சாவில் யார் யாருக்குத் தீட்டு என்று கேளுங்கள். பங்காளிகள் முழுப் பட்டியலும் வந்துவிடும். கல்யாணப் பத்திரிகை இன்னொரு பட்டியல்.

மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிடும்போது அவர்களின் விதியைப் பாருங்கள். தேசிய மாதிரி ஆய்வு தற்காலிக விருந்தாளியை நீக்கி, தற்காலிகமாக வெளியே போனவரைச் சேர்க்கும். குடும்பநல ஆய்வு வழக்கமாக வசிப்பவரோடு முந்தைய இரவு தங்கிய விருந்தாளியையும் எழுதிக்கொள்ளும். ஒரே வீட்டுக்கு இரண்டு எண்கள் வந்தால் யாரும் பொய் சொன்னதாக அர்த்தமில்லை.

பொய் வருகிற இடமும் உண்டு. கையில் படிவத்தோடு வருகிறவரை அட்டை சரிபார்க்க வந்தவர் என்று நினைத்துவிட்டால், ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள்கூட "நாங்க தனித்தனி" என்பார்கள். அட்டையைக் கேட்காதீர்கள், அட்டையைப் பார்க்கவும் செய்யாதீர்கள். கணவன் விட்டுப்போன பெண் "வெளியூர்ல இருக்கார்" என்பாள். எத்தனை மாதமாக என்று மட்டும் கேட்டு எழுதிவிட்டு நகர்வது மரியாதை. பகல் பதினொரு மணிக்குப் போனால் வயதானவர்கள் மட்டுமே இருப்பார்கள், ஆகவே மாலையில் இரண்டாவது முறை போக வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தவறுவது மாதமுறை வைத்துச் சாப்பிடும் தாய். மூன்று மகன்கள், மாதம் ஒரு வீடு. ஆறு மாத விதியில் எந்த வீட்டிலும் அவருக்கு நான்கு மாதம்தான். ஆகவே மூன்று படிவத்திலும் அவர் வெளியே. மகன்கள் மூவரும் "அம்மா எங்ககூடத்தான்" என்று சொன்னாலோ ஊரில் மூன்று தாய்மார்கள். இப்படிப்பட்டவருக்கு மட்டும் விதியைத் தளர்த்தி, நீங்கள் போன நாளில் எந்த முறை நடக்கிறதோ அந்த உலையில் எழுதுங்கள். மற்ற இரண்டு படிவத்திலும் "முறை, இந்த மாதம் இங்கில்லை" என்று குறியுங்கள். அந்த மாதத்து வீடு வேறு தெருவில் இருந்தால், உங்கள் 50 வாசலில் அவர் இல்லை.